தேசிங்கு ராஜன் கதை: வடக்கிலிருந்து வந்த ஒரு தமிழ் வீரன்

"ஆளைப் பாரு, பெரிய தேசிங்கு ராஜான்னு நெனப்பு!" தலையை நிமிர்த்திக்கொண்டு சைக்கிளில் வேகமாகப் போகும் பையனைப் பார்த்து நம் ஊர்ப் பெரியவர்கள் இப்படிச் சொல்லாத நாள் இருந்திருக்காது. திட்டுவது போல இருந்தாலும் அதில் ஒரு செல்லமும் உண்டு. இப்போது வெளி மாநிலங்களில் வளரும் நம் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "யாரு தாத்தா அது?" என்று கேட்கிறார்கள். சென்ற பொங்கலன்று என் பேத்தியும் அப்படித்தான் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் என்ன என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை.

நான் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் பிறந்தவன். 1974-ல் ரயில்வே வேலை கிடைத்து ஜான்சிக்கு வந்தேன். வேலையும் முடிந்து, பென்ஷனும் இங்கேயே வாங்கிக்கொண்டு இருக்கிறேன். என் அப்பா அதிகம் படித்தவரல்ல. ஆனால் அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் "பெரிய எழுத்து" வகை. அல்லியரசாணி மாலை, நல்லதங்காள் கதை, மதுரைவீரன் கதை, அதோடு தேசிங்கு ராஜன் கதை. கண் மங்கியவர்களும் விளக்கு வெளிச்சத்தில் படிக்கும்படி தடித்த எழுத்தில், மட்டமான தாளில், மலிவு விலையில் சென்னைப் பதிப்பாளர்கள் போட்டுத் தள்ளிய புத்தகங்கள் அவை. திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் வளையல், பொம்மைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்பார்கள்.

மார்கழி இரவுகளில் திண்ணையில் அமர்ந்து அப்பா ராகம் போட்டுப் படிப்பார். தெருவில் எழுத்தறியாதவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். குதிரையை அடக்கும் கட்டம் வந்தால் பையன்களுக்கு உடம்பு சிலிர்க்கும். கடைசிக் கட்டம் வந்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் அதே கதையை மறுபடியும் கேட்பார்கள். முடிவு தெரிந்தும் கேட்பார்கள். அதுதான் அந்தக் கதையின் பெருமை.

சரித்திரம் சொல்வது

முதலில் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற குன்றுகளைச் சுற்றி மதில் வளைத்துக் கட்டியது. விஜயநகரத்தின் கீழ் நாயக்க மன்னர்கள் ஆண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கி, ஔரங்கசீப்பின் படைகளைப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார். 1698-ல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு, ஏறத்தாழ 1700-ல், கோட்டையின் பொறுப்பு சொரூப் சிங் என்ற ராஜபுத்திரத் தளபதியிடம் வந்தது. அவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் புந்தேல்கண்ட் நாட்டுக்காரர்! புந்தேலா குலத்தவர். ஜான்சியிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர்ச்சாதான் அந்தக் குலத்தின் பழைய தலைநகரங்களுள் ஒன்று. 1714-ல் சொரூப் சிங் இறந்தார். அப்பா நிலைமை அறிந்து புந்தேல்கண்டிலிருந்து புறப்பட்டு இளம் மனைவியோடு தெற்கே வந்தவன்தான் மகன் தேஜ் சிங். "தேஜ் சிங்" தமிழ் வாயில் நுழைந்து "தேசிங்கு" ஆகிவிட்டது. அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு.

வந்தவன் அப்பாவின் இடத்தில் தானே அமர்ந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் ஒப்பவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. தன் தந்தைக்கு ஔரங்கசீப் பாதுஷா கொடுத்த ஃபர்மான் கையில் இருக்கிறது, அதனால் செஞ்சி தனக்குச் சொந்தம் என்பது தேசிங்கின் வாதம். அந்தப் பாதுஷா 1707-லேயே இறந்துவிட்டார். பிறகு ஆறே ஆண்டுகளில் மூன்று பேர் தில்லி சிம்மாசனத்தில் ஏறிவிட்டார்கள். புதிய பாதுஷா ஃபரூக்சியாரிடம் புது உத்தரவு வாங்கி வரவேண்டும், பழைய கப்ப பாக்கியும் கட்டவேண்டும் என்பது நவாபின் வாதம்.

இதை நம் நிலையில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். மொகலாய ஆட்சி முறையில் ஜாகீர் என்பது நாம் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரி. வேலை இருக்கும் வரை உங்களுக்கு. அப்பாவுக்குக் கொடுத்தது தானாக மகனுக்கு வராது. ஆனால் ராஜபுத்திரர்களுக்குத் தங்கள் சொந்த மண்ணில் பரம்பரை உரிமை இருந்தது. அதை மொகலாயர்களும் ஒத்துக்கொண்டு வந்தார்கள். சொந்த மண்ணில் செல்லுபடியாகும் வழக்கத்தை, அப்பா உத்தியோகம் பார்த்த அயல் மண்ணிலும் செல்லும் என்று நம்பினான் அந்தப் பிள்ளை. காகிதத்தின்படி பார்த்தால் நவாப் பக்கம் நியாயம் இருந்தது. அந்த வயதில் காகிதத்தை யார் பார்க்கிறார்கள்?

நவாபின் பெரும்படை வந்தது. தேசிங்கிடம் இருந்ததோ சில நூறு குதிரை வீரர்கள். கோட்டைக்குள் இருந்துகொண்டு எதிர்த்திருந்தால் காலம் கடத்தியிருக்கலாம். ராஜாராம் பல ஆண்டு தாக்குப்பிடித்த கோட்டை அல்லவா! ஆனால் அவன் வெளியே வந்து, வெள்ளம் ஓடிய ஆற்றைக் குதிரையோடு கடந்து, திறந்த வெளியில் மோதினான். 1714 அக்டோபர் 3-ஆம் தேதி போர்க்களத்தில் மாண்டான். அவன் நண்பன் மகபத் கானும் அதே போரில் இறந்தான். தேசிங்கை உரிய மரியாதையோடு தகனம் செய்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் செட்டிகுளத்தின் கரையில் அவன் மனைவியும் உடன்கட்டை ஏறினாள். அந்த இளம்பெண்ணின் நினைவாக நவாபே ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ஓர் ஊருக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தார் என்று சொல்லப்படுகிறது. 2019-ல் தனி மாவட்டமான அதே ராணிப்பேட்டைதான்.

இவ்வளவுதான் சரித்திரம். அவன் ஓர் ஆண்டுகூட முழுதாக ஆளவில்லை. ஒரு குளம் வெட்டவில்லை, ஒரு கோயில் கட்டவில்லை. ஆற்காட்டு நவாபின் கணக்குப் புத்தகத்தில் அவன் வசூலாகாத ஒரு பாக்கி, அவ்வளவே.

கதைப்பாடல் சொல்வது

ஆனால் மக்கள் பாடிய கதை வேறு. அதில் காகிதமே கிடையாது. ஃபர்மான் இல்லை, ஜாகீர் இல்லை. அதற்குப் பதில் ஒரு குதிரை இருக்கிறது.

தில்லி பாதுஷாவிடம் யாராலும் ஏற முடியாத ஒரு குதிரை. பாராசாரி என்று பெயர். அதை அடக்கப் போன தேசிங்கின் தந்தை, முடியாமல் பாதுஷாவின் சிறையில் கிடக்கிறார். முகம் பாராத அப்பாவைத் தேடி மகன் தில்லிக்குப் போகிறான். அரும்பு மீசைகூட முளைக்காத பையன். குலதெய்வமான சிங்கவரம் ரங்கநாதரை நினைத்துக்கொண்டு குதிரை மேல் தாவுகிறான். குதிரை நிலத்தில் ஓடுகிறதா, வானத்தில் ஓடுகிறதா என்று தெரியவில்லை. தில்லியே திரண்டு வந்து வேடிக்கை பார்க்கிறது. கடைசியில் குதிரை அடங்குகிறது, அப்பா விடுதலை ஆகிறார், பையனுக்குக் குதிரையும் கிடைக்கிறது, ராணியும் கிடைக்கிறாள்.

நம்ப முடிகிறதா? முடியாதுதான். திண்ணையில் கேட்டவர்களும் அதை ஆவணமாக நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் பாட்டுக்காரன் என்ன செய்திருக்கிறான் பாருங்கள். சொரூப் சிங்குக்குச் செஞ்சி கிடைத்தது தில்லியின் தயவால். கதையிலோ, தில்லியால் முடியாததை ஒரு பையன் செய்து காட்டி, எல்லாவற்றையும் சம்பாதித்துக்கொண்டு வருகிறான். "அப்பா சொத்து" என்ற பலவீனமான வாதத்தை எடுத்துவிட்டு, "உழைத்துப் பெற்றது" என்ற வலுவான வாதத்தைப் பாட்டுக்காரன் வைத்துவிட்டான்! பின்னால் நவாப் கப்பம் கேட்டு ஆள் அனுப்பும்போது, கேட்கிறவர்களுக்கே கோபம் வருகிறது. "அவன் அடக்கின குதிரை, அவனோட கோட்டை, இவன் யாரு கேக்கறதுக்கு?" என்று எங்கள் தெருக் கிழவி ஒருத்தி சத்தமாகவே சொல்லுவாள்.

போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு சிங்கவரம் கோயிலுக்குப் போகிறான். செஞ்சிக்கு அருகில் பாறையைக் குடைந்து செய்த குகைக்கோயில், பல்லவர் காலத்தது. அங்கே பள்ளிகொண்ட பெருமாள், இன்று போகாதே என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இப்போது போனாலும் சற்றே திரும்பியிருக்கும் அந்த முகத்தைக் காட்டி இதைச் சொல்வார்கள். அப்படியும் அவன் போனான். ராணியிடம் விடைபெறும்போது இடையில் ஒரு திரை இருக்கிறது. முகம் பார்க்காமலே விடை பெறுகிறான். அப்பா இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

கடைசியில் சாவு. எதிரியின் ஆயுதத்தால் தேசிங்கு செத்தான் என்பதைக் கதைப்பாடல் ஏற்றுக்கொள்வதே இல்லை. நண்பனும் போனான், குதிரையும் போயிற்று, இனி இருந்து என்ன என்று தன் கத்தியை வானத்தில் எறிந்து, கீழே வரும்போது தன் மார்பில் தானே தாங்குகிறான். எங்கள் ஊரில் கேட்டது இப்படித்தான். தோற்றவனை ஜெயித்தவனாக்கும் வழி அந்தப் பாட்டுக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

திருமணப் பந்தலிலிருந்து எழுந்தவன்

எனக்கு மிகவும் பிடித்தவன் தேசிங்கு அல்ல, மகபத் கான். கதையில் அவன் மோவுத்துக்காரன். போர் வந்த நேரம், வழுதாவூரில் அவனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. ஓலை வருகிறது. மணமகளை அப்படியே விட்டுவிட்டு, மாலையோடு எழுந்து குதிரை ஏறுகிறான். போனால் திரும்ப முடியாது என்று அவனுக்குத் தெரியும். செஞ்சிப் பக்கத்தில் அவனுக்கும் குதிரைக்கும் சமாதி இருப்பதாக இடம் காட்டுவார்கள். எதிரே வந்த நவாபும் முஸ்லிம், தேசிங்கின் பக்கம் நின்று உயிர்விட்ட நண்பனும் முஸ்லிம். நவாபின் படையிலோ வேங்கடகிரி யாசம நாயக்கர் போன்ற இந்துத் தலைவர்கள். இந்தச் சண்டையில் மதம் ஒரு காரணமாக இல்லை என்பதை, படிப்பறியாத கூட்டத்துக்கு எந்த விளக்கமும் சொல்லாமல் கதை உணர்த்திவிடுகிறது.

ஏன் அவனைப் பிடிக்கும் என்று சொல்கிறேன். 1986-ல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. வேலை நெருக்கம். இரண்டு நாள் பொறுத்துப் போகலாம் என்று இருந்துவிட்டேன். இரண்டாவது தந்தி வந்த பிறகுதான் ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடம் பிடித்தேன். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பலும் ஆறியிருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தகரப் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஜான்சிக்குத் திரும்பினேன். ரயிலில் பிரித்துப் பார்த்தேன். ஓலை வந்ததும் அவன் எழுந்த இடத்தில், அப்பாவின் விரல் பட்டுப் பட்டுத் தாள் கறுத்திருந்தது. வெளியூரில் வாழும் நமக்கெல்லாம் இது புரியும். ஓலை வந்ததும் எழுந்துவிட்டவன் எவ்வளவு பெரியவன் என்பது, எழாதவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு மழைக்காலப் பாட்டு

இந்த ஊரில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஆடி, ஆவணி மழை பிடித்துவிட்டால் புந்தேல்கண்ட் கிராமங்களில் டோலக் தட்டி உரத்த குரலில் ஒரு பாட்டு எழும். ஆல்ஹா என்று பெயர். வேலைக்கு வந்த புதிதில் என்னவோ சண்டை என்று நினைத்துவிட்டேன்! மகோபாவிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர்தான் உட்கார வைத்து அர்த்தம் சொன்னார்.

மகோபாவில் ஆண்ட சந்தேல மன்னன் பர்மாலின் படையில் ஆல்ஹா, ஊதல் என்று இரு சகோதரர்கள். பறக்கும் குதிரைகள், ஐம்பத்திரண்டு சண்டைகள். பொல்லாங்கு சொல்பவனின் பேச்சைக் கேட்டு மன்னன் அவர்களை நாட்டை விட்டு அனுப்பிவிடுகிறான். கன்னோஜில் போய் இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து தில்லி பிருதிவிராஜன் மகோபா மேல் படையெடுக்கிறான். திரும்பி வாருங்கள் என்று ஓலை வருகிறது. மனம் புண்பட்ட பிள்ளைகள் தயங்க, தாய் இடித்துச் சொல்கிறாள். போகிறார்கள். ஊதல் களத்தில் இறக்கிறான். ஆல்ஹா சாகவில்லை என்றும், மைஹர் மலையில் சாரதா தேவிக்கு விடியுமுன் முதல் பூசை இன்றும் அவனே செய்கிறான் என்றும் இங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். அவர்கள் தந்தைக்கு உற்ற தோழராக வந்து பிள்ளைகளோடும் நிற்கும் மூத்த வீரர், காசியைச் சேர்ந்த ஒரு சையது!

கேட்கக் கேட்க எனக்குத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. அதே குதிரை, அதே ஓலை, அதே மத வேறுபாடு பாராத தோழமை, அதே தோல்வி.

பிருதிவிராஜன் சந்தேல நாட்டைத் தாக்கியது உண்மை. 1182-ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று ஜான்சிக்குத் தெற்கே லலித்பூர் மாவட்டம் மதன்பூரில் இருக்கிறது. ஆனால் ஆல்ஹா பாட்டு பல நூற்றாண்டு வாய்வழியாகவே வாழ்ந்து, 1860-களில் சார்லஸ் எலியட் என்ற ஆங்கில அதிகாரி ஃபரூக்காபாத்தில் பாடகர்களைப் பாடவைத்து எழுதிக்கொண்ட பிறகுதான் ஏட்டில் ஏறியது. வில்லியம் வாட்டர்ஃபீல்டு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1923-ல் வெளிவந்தது.

ஆல்ஹா ஒலிக்கும் நாட்டிலிருந்து புறப்பட்டுப் போன பிள்ளை தேசிங்கு. அவனோ அவன் ஆட்களோ அந்தப் பாட்டைச் செஞ்சிக்குக் கொண்டுபோனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று இல்லை. நம் நாட்டுக் கதைப்பாடல்களுக்கென்று தனி மரபு உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. எந்த மொழியானாலும், வென்றவனுக்குக் கல்வெட்டு இருக்கிறது, சம்பளம் வாங்கும் புலவர் இருக்கிறார். தோற்றவனுக்குப் பாட்டு மட்டும்தான். அதை உழவனும் வண்டிக்காரனும் தங்கள் செலவில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

பழைய கதைதான், ஆனாலும்

"இதெல்லாம் குஜிலி இலக்கியம், தமிழா இது?" என்று கற்றறிந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. இலக்கணப் பிழை உண்டு, சொன்னதையே சொல்வது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்னதையே சொல்வது கேட்பவருக்காக. பின்வரிசையில் தூங்கி விழித்தவனும் கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? குதிரை கிளம்பும்போது சந்தமும் கிளம்பும். அதைத் தனியாக மௌனமாகப் படித்தால் ருசிக்காது. நாலு பேரை உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கவேண்டும்.

குறையும் உண்டு. ராணி தீக்குளிப்பதைக் கதை பெருமையாகவே பாடுகிறது. 1829-லேயே சட்டம் தடுத்த கொடுமை அது. என் பேத்தி, "அந்த அக்கா ஏன் சாகணும்?" என்று கேட்டபோது, "சாகக் கூடாதும்மா, அது தப்பு" என்றுதான் சொன்னேன். பழைய கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கொடுப்பது நம் கடமை.

1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து "ராஜா தேசிங்கு" படமாக வந்தது. 2025 ஜூலையில், மராட்டியர் காலக் கோட்டைகள் என்ற வரிசையில் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மராட்டியர் பெயரால் வந்த பெருமை நியாயமானதே. ஆனால் செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி, இது யார் கோட்டை என்று கேட்டுப் பாருங்கள். நாயக்கர் என்றோ மராட்டியர் என்றோ சட்டென்று வராது. "தேசிங்கு ராஜா கோட்டைங்க" என்பார்கள். பல தலைமுறை ஆண்டவர்களைப் பின்னுக்குத் தள்ளி, சில மாதம் இருந்த வடநாட்டுப் பையனுக்கு ஒரு பாட்டு அந்தக் கோட்டையையே எழுதிக் கொடுத்துவிட்டது. ஃபர்மானால் கிடைக்காத உரிமை!

அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. அவன் சாதி, ஊர், பேச்சு எதுவும் நம்முடையதல்ல. அப்படியும் செஞ்சிச் சீமை அவனைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டு, முந்நூறு ஆண்டாக அழுகிறது. அவன் மண்ணில் ஐம்பது ஆண்டாக நான் சோறு தின்கிறேன். என் பக்கத்து வீட்டு புந்தேல்கண்ட்காரருக்கு ஒரு மழை நாளில் இந்தக் கதையை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஆல்ஹா கேட்டு வளர்ந்த அந்த மனிதர் குதிரைக் கட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பையனை நீங்க நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்.

அப்பாவின் புத்தகம் இப்போது பேத்தியின் அலமாரியில் இருக்கிறது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். பெரிய எழுத்துதானே, முடிகிறது. அடுத்த விடுமுறையில் செஞ்சிக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய பெட்டியில் ஒரு பிரதி இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் இரவு டி.வி.யை நிறுத்திவிட்டு, நாலு பக்கம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். குதிரை தானே கிளம்பிவிடும்.